கூடைக்காரி

சேசு மரி சூசை துணை

ராயப்பன்பட்டி
நவம்பர் 6

மருமகள் மகிமாவுக்கு மாமியார் சவரியம்மாள் எழுதுறது. அன்புள்ளனு போட்டா நீ நம்பமாட்ட, அதனால போடலை. மூணாம் வகுப்பு எழுத்து, கோணலா இருந்தாலும் முழுசாப் படி. போன்ல பேசினா நீ வச்சிருவ. கடுதாசியைக் கிழிக்கிறதா இருந்தாலும், கிழிக்கிறதுக்கு முந்தி ரெண்டு வரி கண்ணுல படத்தான் செய்யும்.

இங்கன எல்லாரும் இருக்கோம். உன் புருஷன் செல்வமணிக்கு முதுகு வலி பனிக்கு ஏறுது, வெயிலுக்கு இறங்குது. திராட்சை காய் பிடிச்சிருக்கு, மார்கழியில அறுப்பு. போன வாரத்து மழைக்கு நோய் விழுந்துரும்னு ரெண்டு தடவை மருந்து அடிச்சான். கோயிலுக்குப் புதுசா வெள்ளை அடிச்சிருக்காக. கூறு இல்லாம அடிச்சிருக்காக, மாதா சிலை நிக்கிற கெபியில நீல வரி கோணிக்கிட்டுப் போகுது.

நீ போன் பண்ணி நாப்பத்தொரு நாள் ஆச்சு. அயர்லாந்து வேலையை விட்டுட்டு கிறிஸ்துமஸுக்கு மொத்தமா வந்துருவேன்னு வைகாசியில சொன்ன. இப்ப, டிக்கெட் எடுக்கலைனு செல்வமணிக்கு ஒத்தை வரி அனுப்பியிருக்க. அவன் காரணம் கேக்கலை. என்னைக்குக் கேட்டான். எனக்குக் காரணம் தெரியும்.

பக்கத்து வீட்டுத் திரிஷா, உத்தமபாளையம் காலேஜுக்குப் போறாளே, அவதான் செப்டம்பர் கடைசியில வந்து, பாட்டி உங்க வார்த்தை போனுல ஊர் ஊராச் சுத்துதுனு சிரிச்சா. படத்தைக் காட்டினா. ஒரு பொம்பளை, ஆகாயத்துக்குப் போறவுக மாட்டுற வெள்ளை உடுப்பு, தலையைச் சுத்திக் கண்ணாடிக் குடுவை. குடுவைக்கு மேல நம்ம திராட்சைக் கூடை. கீழ கூடைக்காரினு எழுதியிருந்துச்சு. எனக்கும் சிரிப்புத்தான் வந்துச்சு. மறைக்கமாட்டேன். யாருடி எழுதினதுனு கேட்டேன். உங்க பேரன் கிங்ஸ்லிதான் பாட்டினு சொன்னா. அப்புறம் சிரிப்பு வரலை.

அந்தப் பொம்பளை வர்ற தொடரை நீ பாக்கிறவ, உனக்குத் தெரியும். ஆனா எனக்கு எவ்வளவு தெரியும்னு நீ தெரிஞ்சுக்கணும். பூமியில தண்ணி வத்திப் போகுது. தண்ணி இருக்கிற கிரகத்தைத் தேடி ஒரு கப்பல் போகுது. அதை ஓட்டுறவ கேப்டன் கஸ்தூரி. கைப்பிள்ளையை விட்டுட்டு ஏறுறா. போறது ஏழு வருஷம், வாறது ஏழு வருஷம். இதுதானே கதை. கிங்ஸ்லி இதுக்குப் போனுக்குள்ள ஒரு ரசிகர் குரூப் வச்சிருக்கான். அதுல நாப்பதாயிரம் பேராம். நம்ம தாலுகாவுல அம்புட்டு ஓட்டு விழுகுமானு தெரியலை.

அவனுக பேசிக்கிறதைத் திரிஷாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். கஸ்தூரி சிரிக்கலைன்னா திமிராம். அழுதா நடிப்பாம். கப்பலைத் தப்பா ஓட்டினா பொம்பளைக்கு எதுக்குக் கப்பலாம். சரியா ஓட்டினா கதை நம்புற மாதிரி இல்லையாம். அந்தக் கப்பல்லயே எஞ்சின் பாக்கிறவன் ஒருத்தன் இருக்கான். அவனும் ரெண்டு பிள்ளையை விட்டுட்டுத்தான் ஏறினான். அவன் படத்துக்கு மாலை போட்டுத் தியாகினு எழுதியிருக்கானுக. நான் திரிஷாகிட்ட, இது என்னடி நியாயம்னு கேட்டேன். கேட்ட பிறகு, செல்வமணி சவுதிக்குப் போனப்ப நான் தெருவுக்கே மிட்டாய் குடுத்தது நெனப்புக்கு வந்துச்சு. கிங்ஸ்லி அப்ப உன் வயித்துல. செல்வமணி முதுகை ஒடிச்சுக்கிட்டுத் திரும்பி வந்ததாலதான் நீ போக வேண்டி வந்துச்சு. அதையும் மறக்கலை. சொல்லமாட்டேன், அவ்வளவுதான்.

கிங்ஸ்லி எழுதியிருந்ததை ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னேன். வரப்புல கூடையை இறக்கி வச்ச மாதிரி பிள்ளையை இறக்கி வச்சுட்டுக் கைவீசிப் போனவளுக்குக் கேப்டன் பட்டம் எதுக்கு, கூடைக்காரினு கூப்பிட்டாப் போதும்னு எழுதியிருக்கான். ஒரு எழுத்துப் பிசகலை. என் வாய்தான். அவனுக்குக் கஞ்சி ஊட்டும்போது உன்னை அப்படிச் சொன்னேன், தலை துவட்டும்போது சொன்னேன், பள்ளிக்கூடத்துல அம்மா பேரு கேட்டாகன்னு அவன் வந்து நின்னப்பவும் சொன்னேன். உன் காதுபடவே சொல்லியிருக்கேன், நீ லீவுல வந்திருந்தப்ப, அவன் கோயில்ல முதல் தடவையா நற்கருணை, புதுநன்மை வாங்கின அன்னைக்கு, பந்தியில. நீ கரண்டியும் கையுமா அப்படியே நின்ன. ஊதாச் சேலை.

அந்தப் பேச்சுக்குக் கீழ ஒருத்தர் பதில் எழுதியிருக்காக. அந்தப் பொம்பளை பிள்ளை பிழைக்கணும்னுதானே போனா, ஏழு வருஷமும் அவ நெஞ்சுல என்ன இருந்துச்சுனு யாருக்குத் தெரியும்னு தன்மையாத்தான் கேட்டிருக்காக. பேரு என்ன போட்டிருக்குனு கேட்டேன். பன்னீர் திராட்சைனு திரிஷா சொன்னா. அவளுக்குப் புரியலை. நம்ம தோட்டத்துல விளையுற திராட்சை ஆச்சே, நீதான்னு எனக்குப் புரிஞ்சுருச்சு.

உன்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசாத மகன் அங்கன பக்கம் பக்கமாப் பேசுறானேனு, வேற பேர்ல போய் ஓரமா உக்காந்து படிச்சிருக்க. நீ கேட்டதுக்கு அவன் குடுத்த பதில் உனக்கு மனப்பாடமா இருக்கும். நீங்க ஒரு பிள்ளையைப் பெத்தவங்களா இருந்தா இப்படிப் பேசமாட்டீங்கனு.

கல்லறைத் திருநாளுக்குக் கிங்ஸ்லி கோயம்புத்தூர்ல இருந்து வந்திருந்தான். தாத்தா கல்லறைக்கு மெழுகுவத்தி வச்சுட்டுத் திரும்பும்போது நிறுத்திக் கேட்டேன். அப்பத்தா அது வெறும் கதை, நான் அம்மாவை நெனச்சு எழுதலை, அந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னே எனக்குத் தெரியலைங்கிறான். அவன் பொய் சொல்லலை, மகிமா. நிசமாவே அவனுக்குத் தெரியலை. சோத்தோட சேர்த்து உள்ள போனது.

அழிச்சுருடான்னேன். என் முன்னாடியே அழிச்சான். அழிச்சு என்ன. அதுக்குள்ள நாலு பக்கமும் எடுத்துப் போட்டுட்டானுக. இப்ப அவனையும் காசு வாங்கிட்டு அழிச்சவன்னு வைறானுகளாம். பனியன்ல கூட அடிச்சு விக்கிறானுகளாம் கூடைக்காரினு. என் வாயில இருந்து விழுந்தது, எந்தக் காட்டுலயோ முளைச்சுக் கிடக்கு. நான் எங்கன போய் யார் வாயைப் பொத்த.

பன்னீர் திராட்சை யாருனு அவன்கிட்ட நான் சொல்லலை. சொன்னா அவன் உடைஞ்சு போவான். சொல்லாம இருந்தா நீ அங்கனயே இருந்துருவ. எனக்கு ரெண்டுக்கும் தைரியம் இல்லை. நீதான் ஒரு வழி சொல்லணும்.

இன்னொண்ணு. கஸ்தூரி கப்பல் ஏறுற காட்சியைத்தான் எல்லாரும் வெட்டி வெட்டிப் போடுறானுக. பிள்ளையைக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காமப் போறா, கதவு சாத்துது, முடிஞ்சுருது. நான் திரிஷாகிட்ட முழுசாக் காட்டச் சொன்னேன். கதவு சாத்தின பிறகும் இருக்கு. உள்பக்கம் கதவுல நெத்தியை முட்டிக்கிட்டு நிக்கிறா. அதை எவனும் போடலை.

நானும் போடலை. 2004 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை, கம்பம் பஸ் ஸ்டாண்டு, குமுளி பஸ். உனக்குக் கொச்சியில பிளேன். கிங்ஸ்லிக்கு ஒரு வருஷம் நாலு மாசம், இன்னும் பால் மறக்கலை. நீ பஸ்ஸுல ஏறி முன் சீட்டுல உக்காந்த, திரும்பிப் பாக்கலை. இதுவரைக்கும் ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கேன். நான் சன்னல் பக்கம் வந்து நின்னப்ப உன் ரவிக்கை முன்பக்கம் பூராவும் நனைஞ்சு கிடந்துச்சு. நீ சேலையை இழுத்து இழுத்து மூடின. நான் பாத்தேன். இருபத்தொரு வருஷமா இதை மட்டும் விட்டுட்டுத்தான் கதை சொன்னேன்.

இதுக்காக உன் மேல இருக்கிற வருத்தமெல்லாம் போயிருச்சுனு நெனைக்காத. கல்யாணப் பந்தியில உங்க அம்மா என் இலைக்கு மட்டும் எலும்பாப் பாத்துப் போட்டதை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன். அது வேற, இது வேற.

கிறிஸ்துமஸுக்குக் கிங்ஸ்லி லீவு போட்டிருக்கான். அம்மா வருதானு என்கிட்டக் கேட்டான், உன்கிட்டக் கேக்க பயந்துக்கிட்டு. உனக்கு மூணு தடவை போன் அடிச்சானாம், நீ எடுக்கலையாம். எனக்கு எழுபத்தெட்டு முடியப்போகுது. வாய் இருக்கும்போதே நான் சொன்னதை நானே அவன் முன்னால மாத்திச் சொல்லணும். நீயும் அங்கன இருக்கணும். உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. ரெண்டு நாளா ஆட்டுக்குத் தழை போடும்போது மகிமா மகிமானு சொல்லிப் பாக்கிறேன். ஆடு திரும்பிப் பாக்குது.

மாதா உன்னை அந்தக் குளிருல காப்பாத்தட்டும். காலுக்கு உறை போட்டுக்க. கூடையை இறக்குறவ வரப்புலதான் வைப்பா, ஆத்தா. நீ வரப்புல வைக்கலை. என் கையில குடுத்த.

இப்படிக்கு,
அன்னைக்குக் கை நீட்டி வாங்கினவ,
சவரியம்மாள்