உன் மூன்று பக்கக் கதை

மொன்ட்ரியால்-நோர்
12.3.1997

அன்பு மகளுக்கு,

நீ ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய சஞ்சிகை கிடைத்தது. உன் கதை மூன்றே பக்கம். இதற்காகவா படிப்பை விட்டாய் என்று முதலில் கோபம்தான் வந்தது.

அகதி விண்ணப்பம் நிரப்பும் பெண், கணவரைப் பற்றிய கேள்வி வந்ததும் பேனாவை வைத்துவிட்டு அதிகாரியிடம் தண்ணீர் கேட்கிறாள். குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறாள். அவ்வளவுதான். அழுகை இல்லை, விளக்கம் இல்லை. அன்று நான் அந்த விண்ணப்பத்தை நிரப்பியபோது, மொழிபெயர்க்க என் பக்கத்தில் இருந்த உனக்குப் பதினான்கு வயது. நீ அதைக் கவனித்திருப்பாய் என்று நான் நினைக்கவேயில்லை.

தையல் ஆலையில் என்னோடு வேலை செய்யும் கிளி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதையை வாசித்தாள்.

"ஏனக்கா அவ அதில ஒண்டும் எழுதேல்ல?"

"பேரை எழுதினா, ஆள் இருக்கிறாரோ இல்லையோ எண்டும் எழுத வேணும். பிடிச்சுக்கொண்டு போனவங்கள் அதைச் சொல்லேல்லையே," என்றேன்.

இந்த ஏழு வருடத்தில் அப்பாவைப் பற்றி வெளியாள் ஒருவரிடம் நான் பேசியது அதுதான் முதல் தடவை. என் குரல் உயர்ந்துவிட்டது போலும். பக்கத்து மேசை ஹெயிட்டிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இல்லை.

"ஆரக்கா இதை எழுதினது?" என்றாள் கிளி.

சஞ்சிகையை வாங்கிக்கொண்டு எழுந்தேன். தமிழ் தெரியாத அந்தப் பெண்களுக்கும் உன் பெயரை விரலால் தொட்டுக் காட்டி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் என் மகள் என்று சொன்னேன்.

கதையை நான்கு முறை வாசித்த
அம்மா