திரையை அணைத்துவிட்டு நீ எழுதிய செய்தி

மச்சான்,

போன வாரம் மன்றத்து அறைக்கு வெள்ளையடித்தோம். கீழ வீதியில் என் கடைக்கு மேலே இருக்கும் அதே அறைதான். மூலையில் துணி போட்டு மூடியிருந்த நீ எழுதிவந்த மன்றத்துக் கம்ப்யூட்டரை நகர்த்தி வைத்துவிட்டு, இன்னும் உயிரோடு இருக்கிறதா பார்ப்போம் என்று நம் தலைவர் கணேசன் சார் சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் கிளம்பியது பார் அந்தக் குரல், பட்டாசுச் சரத்தைக் கொளுத்திப் போட்ட மாதிரி. வெள்ளையடிக்க வந்தவர் ஏணியிலிருந்து இறங்கியே விட்டார். "இன்னா சார், பேய் புடிச்ச மாரி பேசுது?" என்றார். ஒரு சொல்லும் எங்களுக்குப் புரியவில்லை. அது உன் காதுக்கென்று நீ வைத்திருந்த வேகம். குறைக்கட்டுமா என்று கணேசன் சார் கேட்டார். வேண்டாம் என்றேன். அது பேசி முடிக்கும்வரை சுண்ணாம்பு வாசனையில் எல்லோரும் சும்மா நின்றோம்.

கணினிப் பயனாளர் மன்றம் என்று நமக்குப் பெயர் மட்டும்தான் பெரிது. ஒரு மாதம் கடலூரில், செம்மண்டலத்து டியூஷன் சென்டரில் கூட்டம். மறு மாதம் சிதம்பரத்தில், என் டிடிபி கடை மாடியில். முந்திரி வியாபாரி, ஆசிரியர்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வீடியோவில் பேசக் கற்றுக்கொள்ள வந்த அம்மாக்கள், இவ்வளவுதான் நம் படை. யார் மெஷினாவது படுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கொண்டாட்டம். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆளாளுக்கு வைத்தியம் பார்ப்போம். ஆனால் ஆள் சேர்ந்தது வைத்தியத்துக்காக இல்லை, மாதா மாதம் நீ எழுதிய மன்றச் செய்திக்காக. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக ஊர் ஊராகப் பஸ்ஸில் அலைந்தவன் நீ. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. "புதுச்சத்திரம் உறுப்பினரின் பிரிண்டர் குணமடைந்து வருகிறது. பார்க்கப் போகிறவர்கள் ஆரஞ்சு வேண்டாம், பேப்பர் வாங்கிச் செல்லவும்" என்று எழுதுவாய். "கணேசன் சார் மீண்டும் பாஸ்வேர்டை மறந்தார். வீட்டம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதாம். அதைச் சொல்வது இனி அவர் நடந்துகொள்வதைப் பொறுத்து" என்று எழுதுவாய். என் கடையில் அச்சாகும் அந்த ஒற்றைத் தாள் பண்ருட்டி பலா மண்டி வரைக்கும் போய், மன்றத்துக்கே வராதவர்களைச் சிரிக்க வைத்தது.

பிறகு சர்க்கரை உன் கண்ணில் போய் உட்கார்ந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரி, லேசர், ஊசி என்று அலைந்தாய். ஒரு கண் போனது, இன்னொன்றும் போனது. உன்னைக் கட்டிக்கொண்ட என் தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வந்து நின்று சொன்னாய்: "செய்தி எழுத வேற ஆளப் பாத்துக்குங்க. கண்ணு தெரியாதவன் கம்ப்யூட்டர் மன்றத்துல என்னா பண்றது? டீ வேணா குடிக்கலாம்." சிரிப்போம் என்று நினைத்தாயோ என்னவோ, ஒருவரும் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நீ வரவே இல்லை. போன் செய்தால் தங்கச்சிதான் எடுப்பாள். "பேசவே மாட்டேங்குறாருண்ணே. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குறாரு. சாப்புடக் கூப்புட்டா மட்டும் எழுந்திருக்குறாரு" என்பாள். எனக்குப் பயமாக இருந்தது மச்சான். கண் போனதைக்கூட ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். உன் வாய் போய்விடுமோ என்றுதான் கலங்கினேன். வாய் போன நீ எனக்கு யார்?

கிள்ளையிலிருந்து வரும் ஜமீலா டீச்சர்தான் வழி காட்டினார். திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, தன் பள்ளியில் பார்வையில்லாத மாணவி ஒருத்தி அதை வைத்துத்தான் படிக்கிறாள் என்றார். இருவரும் உன் வீட்டுக்கு வந்தோம். "எதுக்கு டீச்சர் வீண் அலைச்சல்?" என்று சுவரைப் பார்த்தபடியே கேட்டாய். டீச்சர் உன் வீட்டுக் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகினார். உன்னை அசத்த வேண்டும் என்று, நீ எழுதிய பழைய மன்றச் செய்தி ஒன்றைத் திறந்து வைத்தேன். குரல் வாசித்தது: "எல், கமா, பி, ஸ்லாஷ், ஹைபன்..."

"எந்த ஊரு பாஷைய்யா இது?" என்றாய்.

"இது பழைய ஃபான்ட் சார்," என்றார் டீச்சர். "கண்ணுக்குத்தான் தமிழ். மெஷினுக்கு இது வெறும் இங்கிலீஷ் எழுத்து."

"இத்தன வருசமா நாம எழுதுனது தமிழே இல்லியா மச்சான்?" என்று நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு போதும் என்றிருந்தது எனக்கு. சட்டென்று புதிய எழுத்துமுறைக்கு மாற்றிக்கொண்டு நான் தட்டினேன்: "நம் செய்தியாசிரியர் செம்மண்டலத்தில் போர்வைக்குள் தலைமறைவு. துப்புக் கொடுப்பவருக்கு அவர் வீட்டுக் காபி இலவசம்." அந்தக் கரகரத்த குரல், மூக்கடைத்தவன் பாடம் ஒப்பிப்பது மாதிரி, சொல் சொல்லாக அதைப் படித்தது. நீ எழுந்து உட்கார்ந்தாய்.

"இன்னொரு வாட்டி."

மறுபடியும் படித்தது.

"நீங்க யாரும் படிக்கலியே? அதுவாத்தான் படிக்குதா?"

"அதுவாத்தான்."

மேசையைத் தடவிக்கொண்டு வந்து விசைகளின் மேல் விரல் வைத்தாய். பழைய தட்டச்சுப் பழக்கம் விரலில் அப்படியே இருந்தது. நீ தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்தையும் அந்தக் குரல் உனக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. நீ எழுதுகிறாய், அது உன்னிடமே திருப்பிச் சொல்கிறது. காலமெல்லாம் கம்ப்யூட்டரோடு புழங்கியவன் நான். அது என்ன பொருள் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன் பிறகு வாரா வாரம் உன்னிடமிருந்து போன். "ஆமை மாரி பேசுது மச்சான், வேகத்தக் கூட்டிட்டேன்" என்பாய். தங்கச்சி பின்னாலிருந்து, "எவனோ வூட்டுக்குள்ள பூந்து சண்ட போடுற மாரி இருக்குண்ணே, சத்தம் ஜாஸ்தி" என்று கத்துவாள். குறை சொல்லும் குரலா அது! அவள் சந்தோஷம் எனக்குக் கேட்டது. இங்கே மன்றத்தில் எல்லோருக்கும் ஜமீலா டீச்சரின் உத்தரவு: பழைய ஃபான்டில் எழுதி அனுப்பக் கூடாது, செய்தியைப் படமாக எடுத்து அனுப்பக் கூடாது, அனுப்பினால் உனக்குக் கேட்காது. முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் மாறினோம்.

புதிய செய்தியாசிரியரைத் தேர்ந்தெடுக்க என் கடை மாடியில் கூட்டம் கூடியபோது நீ வந்தாய். கணேசன் சார் நல்ல மனசோடுதான் சொன்னார்: "அவரு வாயால சொல்லட்டும், வேற யாராச்சும் எழுதிக்கட்டும். அவரக் கஷ்டப்படுத்த வேணாம்."

உன் முகம் கறுத்தது. "எழுத ஆளு வந்துட்டா அப்புறம் நான் எதுக்கு சார்? இன்னிக்கிக் கூட்டத்துச் செய்திய இங்கியே ஒக்காந்து எழுதுறேன். புடிக்கலன்னா வேற ஆளப் போட்டுக்குங்க, நான் வூட்டுக்குப் போறேன்" என்றாய். நீ மறுபடியும் அந்தச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாயா மாட்டாயா என்பது அந்த ஒற்றைத் தாளில் தொங்கிக்கொண்டிருந்தது. தங்கச்சி முந்தானையைக் கசக்கியபடி வாசலோரம் நின்றாள்.

கூட்டம் முடியும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாய். பிறகு, ஜமீலா டீச்சர் அதே மென்பொருளை ஏற்றி வைத்திருந்த மன்றத்து மெஷின் முன்னால் போய் உட்கார்ந்து, மானிட்டரைத் தடவி, பொத்தானை அமுக்கி அதை அணைத்தாய். "எனக்கு எதுக்கு? கரண்டு வீண்" என்றாய். திரை கறுத்தது. நாங்கள் பழக்க தோஷத்தில் அதையே வெறித்துக்கொண்டிருந்தோம். அதில் எங்கள் முகங்கள்தான் தெரிந்தன. விசைகள் படபடத்தன. நடுநடுவே அந்தக் குரல் எங்களுக்குப் புரியாத வேகத்தில் பேசும், நீ தலையாட்டிவிட்டு ஒரு சொல்லைத் திருத்துவாய். கறுத்த கண்ணாடிக்கு முன்னால் ஒருவன் எழுதிக்கொண்டிருக்கிறான், பின்னால் பிரிண்டர் அதைத் தமிழாக வெளியே தள்ளுகிறது. அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

ஜமீலா டீச்சர் தாளை எடுத்து உரக்கப் படித்தார். "முந்திரி வியாபாரி தாமதமாக வந்து, மாடிப்படி முழுக்கச் சத்தமிட்ட செருப்பை வாசலில் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் உள்ளே நுழைந்தார். கோயில் மணி அடித்தபோது வளையல்கள் ஒன்றாய் ஒலித்ததால், அம்மாக்கள் அனைவரும் கைகூப்பியது தெரிய வந்தது. வரவுசெலவு வாசிக்கப்படும்போது நம் தலைவர் உறங்கினார். என் வீட்டம்மா இன்னும் உட்காரவில்லை. யாராவது நாற்காலி போடவும்."

"நான் தூங்கல!" என்றார் கணேசன் சார்.

"கொறட்ட பொய் சொல்லாது சார்."

அறை வெடித்துச் சிரித்தது. முதலில் எழுந்து கைதட்டியவர் கணேசன் சார்தான். வியாபாரி நாற்காலியை எடுத்துக்கொண்டு தங்கச்சியிடம் ஓடினார். அவள் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? கண்ணிருந்த நாங்கள் யாரும் அன்று அதில் பாதியைக்கூடப் பார்க்கவில்லை. எப்படிடா என்று அப்புறம் கேட்டதற்கு நீ சொன்னாய்: "பாக்குறது சும்மா வந்துடும் மச்சான். கேக்கணும்னா அங்க இருக்கணும்."

அன்றிலிருந்து நீ போகும்வரை மன்றச் செய்தி ஒரு மாதமும் தவறவில்லை. ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது எழுதுவது நான். பிரிண்டர்கள் இன்னும் குணமடைந்துகொண்டுதான் இருக்கின்றன, சிரிப்புதான் வரவில்லை என்கிறார்கள். உன் கைவரிசை எனக்கு வராது. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது வேறு. நான் அந்த அறையில் இருந்தேன், பார்த்தேன். அதுதான் என் சொத்து.

நேற்று அது ஒரு வேலைக்கு ஆனது. கூட்டத்துக்குப் பண்ருட்டியிலிருந்து ஒருவர் வந்தார். பலா மண்டி வைத்திருக்கிறவர், நம் வயதுதான். உன்னைப் போலவே சர்க்கரை, உன்னைப் போலவே கண். மகள் கைப்பிடித்துக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். கணேசன் சார் விளக்கினார், ஜமீலா டீச்சர் குரலை ஓடவிட்டுக் காட்டினார். அவர் தலையை ஆட்டினாரே தவிர முகத்தில் ஒன்றுமே இல்லை. எல்லோரும் டீக்கு இறங்கிய பிறகு, நான் பக்கத்தில் இருப்பது தெரிந்து மெதுவாகக் கேட்டார்: "அவுங்கல்லாம் கண்ணு தெரிஞ்சவுங்க, சொல்லுவாங்க சார். நெசமாவே என்னை மாரி ஒருத்தனால முடியுமா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"முடியும்ணே. என் கண்ணால பாத்துருக்கேன்."

அவர் கையை உருவிக்கொண்டு, "கீபோர்டு எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டார்.