எண்ணில் வராத பயம்

மார்ச் 4
முப்பது கழுத்துப்பட்டி தைத்தேன், நான்கைப் பிரித்தேன். மனம் மெஷினில் இல்லை. மத்தியானம், தைத்த துணியை எடுத்துப்போகும் குபாத் வேனோடு வந்தான். "நூருஸ் பண்டிகை முடிஞ்சதும் கல்யாணம் பேச அம்மாவை அனுப்பவா, ஜிபார்?" என்றான். சொல்லிவிட்டேன். ரஷ்யாவில் வேலை பார்த்து வந்த முதல் கணவன் எனக்கு வைத்துவிட்டுப் போனது எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகிறது.
ஓஷ் பஜாரில் என்னை இறக்கிவிட்டு, வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 11
வந்துவிட்டான். "எனக்கொண்ணும் பயமில்ல" என்றான்.
எனக்கு இருக்கிறதே!

மே 20
இருவரும் டாக்டர் அனார்கான் அக்காவிடம் போனோம். என் ரத்தத்தில் வைரஸ் முன்பு எண்பத்து நாலாயிரம், இப்போது முந்நூறு.
"எண்ணிக்கை ஏறினா ஆபத்தும் ஏறும். சோதனை மெஷினுக்கே தெரியாத அளவுக்கு இறங்கி, ஆறு மாசம் அப்படியே நின்னா, படுக்கையில தொத்தாது. மாத்திரைய விடக்கூடாது. அதுவரைக்கும் ஆணுறை."
குபாத் காது சிவக்கச் சுவரைப் பார்த்தான்.

ஜூலை 2
கல்யாணமாகி ஒரு வாரம். "ஆணுறைதான் இருக்கே, அப்புறம் என்ன?" என்கிறான். நியாயம்தான். நான்தான் ஒதுங்குகிறேன். "என்னைப் பிடிக்கலன்னா சொல்லிடு" என்று கதவை அறைந்துவிட்டுப் போனான். பிடிக்காமலா? பிடித்ததால்தானே...

ஆகஸ்ட் 14
மெஷினுக்குத் தெரியவில்லை!

பிப்ரவரி 19
ஆறு மாதமும் தாண்டிவிட்டது. இன்றும் தெரியவில்லை. "போய் வாழு, பொண்ணே" என்றார் அக்கா. எண் போய்விட்டது. பயம்? அதை எந்த மெஷினில் அளப்பது? குபாத்திடமே கேட்டேன். அவன் சிரிக்கவில்லை.
"பயமில்லன்னு அன்னைக்கு நான் சொன்னது பொய். எனக்கும் பயம்தான். வண்டியை ஓரங்கட்டி அழுதேன்."
அவன் பயந்தான் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது. என்ன மனசு இது!

பிப்ரவரி 20
எழுத ஒன்றுமில்லை. எழுதவும் மாட்டேன்.

செப்டம்பர் 3
நாள் முழுக்கச் சண்டை. லக்மான் நூடுல்ஸில் உப்புக் கூடிவிட்டதாம். "அப்போ உங்கம்மாகிட்டயே போய்ச் சாப்பிடு" என்றேன். போய்விட்டு, அம்மாவும் உப்பைக் கொட்டியிருந்தாள் என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.
எழுத உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. குபாத்தின் ரத்தச் சோதனை முடிவு காலையிலேயே வந்திருந்தது. தொற்று இல்லை.
இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேச மறந்துவிட்டோம்.