சீராகக் கொடுத்த வண்டி

2021 ஆகஸ்ட் 23
கல்யாணம் முடிந்து தங்கச்சி வெண்ணிலாவைப் பாகூரில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தாச்சு. வாசலில் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் கார் நின்றதும் தெருவே வந்து பார்த்தது. மாப்பிள்ளை மணிபாரதி வேறு வண்டிதான் கேட்டார். நான் விடவில்லை. ஃபோர்டு ஷோரூமில் வேலை செய்கிறவன் வேறு கம்பெனி காரைச் சீராகக் கொடுத்தால் ஊர் சிரிக்காதா? "அமெரிக்காக்காரன் வண்டி மாப்ள, கண்ண மூடிகினு ஓட்டலாம்" என்றேன்.

செப்டம்பர் 9
ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துகிறதாம். எங்களுக்கே டிவி பார்த்துத்தான் தெரியும்.

நாளை பிள்ளையார் சதுர்த்தி. ஷோரூமில் டெலிவரிக்குத் துடைத்து வைத்த வண்டி அப்படியே நிற்கிறது. எடுக்க வேண்டியவர் போனை எடுக்கவில்லை. இதே எக்கோஸ்போர்ட் வந்த புதிதில் மாசக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். எங்கள் வில்லியனூரில் பாதிப் பேர் என்னிடம் சிபாரிசுக்கு வந்தார்கள். என்ன பந்தா காட்டினேன்!

சாயங்காலம் வெண்ணிலா போன். "நியூஸ் பாத்தியாண்ணா?" கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 19
பாகூர் போனேன். மாப்பிள்ளையின் அம்மா தையலம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "இன்னா தம்பி, மூட்ட கட்டிகினு ஓடனவன் வண்டிதான் எம்புள்ளைக்கு கெடச்சுதா?" சர்வீஸ் இருக்கும், பார்ட்ஸ் வரும் என்று ஷோரூமில் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தேன். வெண்ணிலா தலை நிமிரவேயில்லை. அந்தம்மா திட்டினது வண்டியையா, இவளையா?

நவம்பர் 2
சேல்ஸுக்கு இனி ஆள் வேண்டாம் என்றார்கள். விற்க வண்டி இருந்தால்தானே.

2022 ஜனவரி 13
தலைப்பொங்கல் சீரை வாங்கி வைத்துக்கொண்டார்கள், முகம் கொடுக்கவில்லை. கார் ராசியில்லையாம், மாப்பிள்ளை பைக்கில்தான் போகிறார். அந்த வீட்டில் வெண்ணிலாவுக்குப் பேரே 'ஃபோர்டு'தானாம். "'ஏ ஃபோர்டு, காபி போடு'ன்றாங்கண்ணா" — சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாந்தான்டி உன்ன அங்க கொண்டாந்து வுட்டேன்.

மார்ச் 6
மணிபாரதி பேசினார். "மச்சான், உங்க வண்டிய வந்து எடுத்துகினு போயிடுங்க. நாங்க வேற பாத்துக்கறோம்." கெஞ்சினேன். கட் பண்ணிவிட்டார்.

மார்ச் 7
பஸ்ஸில் போனேன். வண்டி தெருவில் தூசியோடு நின்றது, சாவி அதிலேயே. கதவைத் திறந்தால் முன்சீட்டில் வெண்ணிலா. மடியில் துணிப்பை. பெல்ட்கூடப் போட்டிருந்தாள்.

"வண்டிய மட்டுந்தாம்மா எடுத்துகினு போவச் சொன்னாரு."

"சீரத் திருப்புனா எல்லாத்தயுந்தானண்ணா திருப்பணும்?"

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைக் கூப்பிட யாரும் வெளியே வரவில்லை. ஏறி ஸ்டார்ட் செய்தேன்.