அரை மருந்துத் தோட்டா

படுவான்கரை, வட்டை வாடி
2010.01.19

அன்புள்ள தங்கச்சி சீதேவிக்கு,

காத்தான்குடி ஆசியா உம்மா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரர் சீனித்தம்பி அண்ணனும் அந்தத் திருச்சிப் பக்கத்து அகதி முகாமில் நோய் நொடியில்லாமல் இருக்க ஆண்டவன் துணை. நான் மூச்சோடு இருக்கிறேன். முழங்கால் மட்டும் என் சொல்லைக் கேட்பதில்லை. விலாசத்தை உன் அக்காள் மகள் தனுஷியா தந்தாள். கொக்கட்டிச்சோலைச் சந்தையில் அவளைக் கண்டு நானாகப் போய்க் கேட்டேன். கேட்டதும் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்க்கத்தான் செய்வாள்.

பேத்தி றிஸ்னா எழுதித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்.

இருபது வருஷமாக உன்னோடு நான் பேசவில்லை. சுனாமியில் என் வீட்டுக்காரர் மௌத்தான செய்தி கேட்டு நீ போட்ட கடிதம் எனக்குக் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கக் கடற்கரைக்குப் போன மனுசன், மூன்றாம் நாள்தான் மையத்தாகக் கிடைத்தார். ‘அக்கா, மச்சானுக்காக இங்க ஒரு விளக்கு வைச்சனாங்க’ என்று எழுதியிருந்தாய். இரண்டு தரம் வாசித்தேன். பதில் போடவில்லை. ஏன் என்று கீழே எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

முதலில் வட்டை, வயல் செய்தி. இங்கே கிழக்கில் சண்டை ஓய்ந்ததும் மண்முனைத் துறையில் பாதைத் தோணியேறி வாவியைக் கடந்து வந்தேன். காணியில் வரம்பும் இல்லை, வாய்க்காலும் இல்லை, ஒரே பற்றைக்காடு. துப்புரவாக்கி விதைத்து இது இரண்டாவது மாரிப் போகம். என் மகள் ஹிதாயாவின் மாப்பிள்ளை, ‘உம்மா, இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்கு வட்டை, ஆருக்கும் குத்தகைக்குக் குடுங்களன்’ என்கிறார். என் உம்மா எனக்குத் தந்த சீதனம் இது, நான் மையத்தாகும் வரைக்கும் நானே பார்ப்பேன் என்று சொல்லிவிட்டேன். காவலுக்கு வைத்தவன் ஆனையைக் கண்ட அன்றே உடுப்பை எடுத்துக்கொண்டு போனான். ஆகவே இந்த வாடிக் குடிசையில் நான் தனி. பேச ஆளில்லாமல் சில நாள் கொக்கோடு பேசுகிறேன்.

ஆனை இப்போது முன்போல் இல்லை. ஆளில்லாத இருபது வருஷமும் அதற்குத்தானே ஊர் சொந்தம். கதிர் பால் பிடித்தால் மணத்துக்கே வந்துவிடும். அதனால் வெடி வைத்து விரட்ட ஒரு துவக்குக்கு மனுப் போட்டேன். போன புரட்டாதியில் அரசாங்கக் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு பெண்பிள்ளை பழைய இடாப்பைப் புரட்டி, ‘உம்மா, உங்கட வீட்டுக்காரர் பேரில முந்தியும் ஒரு ஒற்றைக்குழல் இருந்திருக்கு’ என்றாள். ‘ஓம் புள்ள, அதைக் களவெடுத்திட்டாங்க’ என்றேன். ‘இல்லையே உம்மா, தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் அவரே கொண்டுவந்து ஒப்படைச்சிருக்காரே’ என்று இடாப்பை என் பக்கம் திருப்பினாள். இவருடைய கையெழுத்துத்தான், சீதேவி. முகைதீன்பாவா என்று எழுதி அடியில் ஒரு கோடு இழுப்பாரே, அந்தக் கோடும் இருந்தது.

அந்த ஆனியில் உரம் வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று போனவர் வெறுங்கையோடு வந்தார். துவக்கு எங்கே என்று நான் கேட்டதே ஆடியில்தான், நீங்கள் இரவோடிரவாகப் போன பிறகு. ‘சீனித்தம்பி இரவல் வாங்கினவன், திருப்பித் தரல்ல’ என்றார். நான் நம்பினேன். சீனித்தம்பி கள்ளன், எங்கள் துவக்கை இயக்கப் பெடியன்களுக்குக் கொடுத்துவிட்டு ஓடினவன் என்று நான் சொல்லாத ஆள் இல்லை. கலியாண வீட்டில் சொன்னேன், மையத்து வீட்டில் சொன்னேன். சுனாமி முகாமில் கூடாரத்துக்குள் இருந்துகொண்டும் சொன்னேன்.

அவருக்கு என் வாய்க்குப் பயம். துவக்குகளை ஒப்படைக்கச் சொல்லி அரசாங்கம் அறிவித்தபோதே, கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லியிருந்தேன். கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் நான் என்ன ஆடு ஆடுவேன் என்று அவருக்குத் தெரியும். ஊரை விட்டுப் போனவன் தலையில் போட்டால் யார் வந்து கேட்பது. பதினான்கு வருஷம், உங்களை நான் ஏசத் தொடங்கினால் எழும்பி வெளியே போய் நிற்பார். எனக்காகக் கோபப்பட்டுப் போகிறார் என்று நினைத்திருந்தேன். அன்று கச்சேரியிலிருந்து வந்து ஒரு கிழமை அவருக்காக ஓதவில்லை. பிறகு ஓதினேன். மையத்தோடு எத்தனை நாளைக்குக் கோபித்துக்கொண்டிருக்க முடியும்.

அன்றே உனக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நாலு மாசம் போய்விட்டது. என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

துவக்கு மார்கழியில் கைக்கு வந்தது. ஒரு தரத்துக்கு ஒரு தோட்டாதான். குழல் வாய்க்குள் என் பெருவிரல் போகிறது. கடைத் தோட்டாவைப் போட்டு முதல் வெடி வைத்தேன். வானம் பார்க்க வரம்பில் விழுந்தேன். தோள் நாவற்பழ நிறமாகிவிட்டது. வட்டைக்குத் தண்ணீர் திறக்கும் விதானை மீராசாஹிப் பார்த்துக்கொண்டு நின்று, ‘உம்மா, ஆனை விழ முந்தி நீங்க விழுந்திட்டீங்களே’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கப்போவதில்லை.

தோள் நோவை விடு. மேல் வட்டையில் ஒருவர் முழுத் தோட்டாவால் ஒரு தனியன் ஆனையின் காலில் சுட்டார். அது சாகவில்லை. நொண்டி நொண்டி வந்து மூன்று வாடியை உடைத்து, சுடாத ஒரு மனுசனை மிதித்துக் கொன்றது. நொந்த ஆனை ஆளைப் பார்க்காது, கண்டவனை மிதிக்கும். அது எனக்கு நல்லாக விளங்குகிறது.

ஆகவே அண்ணன் செய்வதைப்போல் செய்து பார்த்தேன். உனக்கு நினைவிருக்கும், அவர் சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டில் வெடிமருந்தைக் குறைத்து, ஈயச் சன்னத்துக்குப் பதிலாக உமியை அடைத்து, தக்கை வைத்து மூடுவார். சத்தம் மட்டும் வரும், காயம் வராது. துவக்கு எங்களுடையது, ஆனால் சுடுவது அண்ணன்தான், இவர் வெடிச் சத்தத்துக்கே காதைப் பொத்துவார். ‘போடியார் சுட்டா ஆனை நிண்டு சிரிக்கும்’ என்று அண்ணன் இவரைச் சொல்லுவார். நீ அவர் முதுகில் அடிப்பாய்.

போன வெள்ளிக்கிழமை சுபஹு தொழுது எழும்பினேன். மேற்கு வரம்பில் ஆனை நின்றது. நான் அடைத்த தோட்டாவைப் போட்டு இழுத்தேன். ‘பொசுக்’ என்றது, அவ்வளவுதான். ஆனை காதை விரித்து என்னைப் பார்த்தது. வெறுங்கூட்டை இழுத்தெறிந்துவிட்டுக் கடைத் தோட்டாவைப் போட்டேன். மூடப்போகிற நேரம் அண்ணனின் குரல் கேட்டது. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் குழலைத் தூக்கிப் பார்த்துச் சொல்லுவாரே, ‘குழலுக்குள்ள வானம் தெரிஞ்சாத்தான் மறுகா தோட்டா’ என்று. தோட்டாவை உருவிவிட்டுப் பார்த்தேன். வானம் தெரியவில்லை. மருந்து போதாமல் தக்கை குழலின் நடுவில் இறுகிக் கிடந்தது. அதன் மேல் சுட்டிருந்தால் குழல் வெடித்து என் முகமே போயிருக்கும்.

துவக்கை மடியில் வைத்துக்கொண்டு வாடி வாசலில் இருந்தேன். வெயில் ஏறும் வரைக்கும் ஆனை என் கதிரைத் தின்றது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கள்ளன் என்று நான் ஊரெல்லாம் சொன்ன மனுசன் என் உயிரைக் காத்துவிட்டு அங்கே ஒரு கொட்டிலில் கிடக்கிறார் என்று நினைத்தேன்.

இன்னும் முப்பது நாளில் வெட்டு. அதுவரை இந்தக் கதிரை நான் காக்க வேண்டும். கூடினால் தோள் போகும், குறைந்தால் குழல் அடைக்கும். அந்த நடு அளவு அண்ணன் கையில்தான் இருக்கிறது. மருந்து எவ்வளவு, தக்கையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுது என்று சொல்லத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன்.

இப்போது யோசிக்கிறேன், எழுத வேண்டாம். கடதாசியைப் பார்த்துச் செய்தால் என் கை மறுபடியும் பிழைக்கும். உங்கள் காணி என் காணிக்கு அடுத்தே கிடக்கிறது. இது ஆருடையது என்று விதானை கேட்டார். சீதேவியின் சீதனம், ஆள் வரும் என்றேன். உன்னைக் கேளாமல் சொல்லிவிட்டேன். முகாமில் இருந்து ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று தனுஷியா சொன்னாள். இந்த வெட்டுக்கு முடியாவிட்டால் அடுத்த மாரிக்கு வாருங்கள். வாடியில் இரண்டு பாய் விரிக்க இடம் இருக்கிறது. நான் ஓரத்தில் படுப்பேன்.

வந்தால், கள்ளன் என்று ஆர் ஆருக்குச் சொன்னேனோ, உயிரோடு இருக்கிற அத்தனை பேரையும் வரம்பில் நிறுத்தி, அவர்கள் பார்க்க இந்தத் துவக்கை அண்ணன் கையில் நானே கொடுப்பேன்.

வர மனமில்லாவிட்டால் ஏசியாவது ஒரு வரி போடு. நீ ஏசி நான் கேட்டதே இல்லை. உங்கள் இரண்டு பேருக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும். நான் போன பிறகு நீங்கள் வருகிற மாதிரி மட்டும் வைத்துவிட வேண்டாம் என்று ஐந்து நேரமும் கேட்கிறேன்.

உன் அக்கா,
ஆசியா உம்மா