அம்மா சொன்ன எடை

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். போனில் என்னைப் பேசவே விடமாட்டீர்கள், வக்கீல் புத்தி. கடிதத்தில் குறுக்கே பேச முடியாதில்லையா? முழுக்கப் படியுங்கள்.

நான் மயக்க மருந்து கொடுத்த அந்தப் பையனுக்குச் செயற்கைச் சுவாசத்தை எடுத்துவிட்டார்கள். கண் விழித்துத் தன் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொள்கிறான். ஆனால் நாலு வயதுப் பிள்ளை, இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசுவான் என்கிறார் நரம்பு டாக்டர். என்னிடம் வரும் பெற்றோர்கள் என் முகத்தைப் பார்ப்பதுபோல நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

பையன் வீட்டார் கொடுத்த புகாருக்கு நீங்கள் எழுதி, பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பிய பதிலில் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. அதனால் மறுபடி சொல்கிறேன். நெற்றி கிழிந்து வந்தான். தையல் போட மயக்க மருந்து வேண்டும், குழந்தைகளுக்கு அதை எடை பார்த்துத்தான் கொடுப்போம். அவன் எடை மெஷினில் நிற்காமல் ஒரே ரகளை. இப்படி அடம்பிடித்தால் அம்மாவே தூக்கிக்கொண்டு நிற்பாள். பிறகு அவளை மட்டும் நிறுத்திக் கழித்துக்கொள்வோம். அன்று கூட்டம். நர்ஸ் இரண்டாவது முறை நிறுத்தாமல், உங்க எடை எவ்வளவு என்று வாயால் கேட்டுவிட்டாள். பக்கத்தில் புருஷன், மாமியார். அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த எடையைச் சொன்னாள். யார்தான் உண்மையைச் சொல்வார்கள்? அண்ணி கேட்டால் நானே சொல்லமாட்டேன்! அவள் குறைத்த ஐந்து கிலோவும் பிள்ளை கணக்கில் ஏறிவிட்டது. அவனோ ஒல்லிக்குச்சி. பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் எண்ணைத்தான் பார்த்தேன், பிள்ளையைப் பார்க்கவில்லை. மருந்து அளவு மீறி அவனுக்கு மூச்சு நின்றுபோனது. பிறகு படுக்கையோடு எடை பார்த்தபோதுதான் எல்லாம் தெரிந்தது.

இதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வக்கீலுக்கு வாயெல்லாம் பல். தவறான தகவல் தந்தவர் தாய் என்பதே பதிலாம். நீங்களும் அதையே இன்னும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்புக் கேட்காதே, வார்டுப் பக்கம் போகாதே என்கிறீர்கள். டாக்டர் என்ற பதிவு என்னை விட்டுப் போய்விடுமோ என்று துடிக்கிறீர்கள். எனக்கும் பயம்தான் அண்ணா. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடுகிறேன்.

நேற்று வராந்தாவில் பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், அன்னிக்குக் காலைல நான் இருமல் மருந்து குடுத்தேன். அதனாலதான் இப்படி ஆயிடுச்சா?"

மாமியார் அப்படித்தான் சொல்கிறாளாம். இத்தனை நாளும் அதை நினைத்தே வெந்துகொண்டிருந்திருக்கிறாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, அறிக்கை வரட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

உங்கள் பதிலைப் படித்தால் அவள் இருமல் மருந்தை மறந்துவிடுவாள். அந்த ஐந்து கிலோவை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள்.

நாளைக் காலை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். அவளை மெஷினில் நிறுத்துவது எங்கள் வேலை, நிறுத்தாதது எங்கள் தப்பு, சரிபார்க்காதது என் தப்பு. நர்ஸும் கூட வருகிறேன் என்கிறாள், அழுதுகொண்டே. இது உங்கள் கைக்கு வரும்போது பேசி முடித்திருப்பேன்.

எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். ஆனால் அந்தப் பதிலைக் கிழித்துப் போட்டுவிட்டு, தப்பை ஒத்துக்கொண்ட ஒருத்திக்காக எப்படி வாதாடுவது என்று யோசியுங்கள். பிள்ளை சீக்கிரம் பேசவேண்டும் என்று அண்ணியை வேண்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் 'அம்மா' என்று கூப்பிடும்போது, அவள் குற்றவாளியாகத் திரும்பிப் பார்க்கக் கூடாது அண்ணா.

உங்கள் ஆசி வேண்டும்,
தங்கை