மதகைத் திறந்தது நான்

17-8-1974, சனி

ஒரு வருடமாகச் சனிக்கிழமைகளில் நாங்கள் ஆறு பேர் பழுதுபார்த்த பழைய மாவு ஆலையின் நீர்ச்சக்கரத்தை இன்று முதன்முதலாகச் சுற்றவிட்டோம். சக்கரத்துக்குத் தண்ணீர் விடும் மதகுப் பலகையைத் தூக்குவது என் வேலை. உள்ளே, அதோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் பூசிக்கொண்டிருந்த எங்களில் ஒருவரான ஜாக், தான் கூப்பிட்ட பிறகே திறக்கச் சொல்லியிருந்தார். தண்ணீர்ச் சத்தத்தில் ஏதோ குரல் கேட்டது. அவர்தான் என்று நினைத்துத் திறந்துவிட்டேன். சக்கரம் அழகாகச் சுற்றியது. வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். பிறகுதான் அலறல் கேட்டது.

ஜாக்கின் வலது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் விசாரித்தபோது, "திறக்கச் சொன்னது நான்தான். கையை எடுக்கத்தான் மறந்துவிட்டேன்" என்றார். என்னை அவர் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பதறினாள். "இஞ்சேருங்கோ, சட்டையெல்லாம் ரத்தம்! உங்களுக்கு ஒண்டும் இல்லையே?"

"எனக்கு ஒண்டும் இல்லை."

சோறு போட்டாள். சாப்பிட்டேன். அழுகைகூட வரவில்லை.

ஏழு மணிக்கு ஜாக்கின் மனைவி போன் பண்ணினார். உடனே துணி சுற்றி ரத்தத்தை நிறுத்தியது நான்தானாம். நாளை ஆஸ்பத்திரிக்கு வந்தால் நேரில் நன்றி சொல்ல வேண்டுமாம்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.